காயில் கடைக் கம்பியில் ஒரு வி8 இன்ஜின்: மாடல் காருக்கு நுண்வேலை செய்யும் முறை

1:24 அல்லது 1:25 அளவு (நிஜக் காரில் 24இல் அல்லது 25இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கார் கிட்டை, அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் உதிரித் துண்டுகளின் பெட்டியைப் பிரித்தால் இன்ஜின் மட்டும் பத்துப் பதினைந்து துண்டுகளாக வரும். ஒட்டி, பெயின்ட் அடித்து வைத்தால் இன்ஜின் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்தால், 'இது எப்படிப்பா ஸ்டார்ட் ஆகும்?' என்று கேட்பார். பிளக் ஒயர் இருக்காது, பெட்ரோல் குழாய் இருக்காது, பேட்டரி தனியாக ஒரு கருப்புச் செங்கல் போல உட்கார்ந்திருக்கும். கிட் செய்பவர்கள் இவற்றை விட்டுவிடக் காரணம் உண்டு. 0.3 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக்கை வார்த்தால் அது அச்சிலிருந்து வரும்போதே ஒடியும். விட்டுப்போனதை நாம்தான் போட வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் கிட்டை இணையத்திலோ பெங்களூரிலிருந்தோ வரவழைப்பது சுலபம். நுண்வேலைக்கு வேண்டிய கம்பி, ஒயர், ஈயம் எல்லாவற்றையும் அப்படி வரவழைக்கத் தேவையில்லை. போர்வெல் மோட்டாரை நம்பி விவசாயம் நடக்கிற ஊர்கள் இவை. மோட்டார் காயில் கட்டும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரேடியோ, டிவி ரிப்பேர் கடை ஒன்று, நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடை ஒன்று, ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் பழக்கம். இவ்வளவு போதும்.

கணக்கு முதலில், கம்பி பிறகு

புதியவர்கள் செய்கிற பிழைகளில் முதலிடம் ஒயர் தடிமனுக்குத்தான். 0.5 மி.மீ. ஒயர் கையில் பிடித்தால் தலைமுடி போலத் தெரியும். 24 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 12 மி.மீ. நிஜக் காரின் பிளக் ஒயர் 7 முதல் 8 மி.மீ. தான். ஒன்றரை மடங்கு தடித்த ஒயர் எட்டையும் ஒரே இடத்தில் கட்டினால் இன்ஜின் மேல் நூடுல்ஸ் கொட்டியது போல ஆகிவிடும். எந்தப் பொருளை வாங்கினாலும் அதன் தடிமனை 24 ஆல் பெருக்கி, நிஜத்தில் அது எவ்வளவு வரும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

1:24 க்குப் பொருந்தும் அளவுகள் இவை:

பிளக் ஒயர், பெட்ரோல் குழாய்: 0.3 மி.மீ. காயில் கம்பியில் 30 கேஜ் (கம்பித் தடிமனைச் சொல்லும் எண்; எண் கூடினால் கம்பி மெலியும்) 0.315 மி.மீ. வரும்.
பிரேக் குழாய்: 0.2 மி.மீ. 36 கேஜ் 0.19 மி.மீ.; சீலிங் ஃபேன் காயிலுக்குச் சுற்றும் கம்பி இதை ஒட்டித்தான் இருக்கும்.
பேட்டரி கேபிள்: 0.45 மி.மீ. 26 கேஜ்.
ஹீட்டர் ஹோஸ்: 0.9 முதல் 1 மி.மீ.
ரேடியேட்டர் ஹோஸ்: 1.6 மி.மீ. 16 கேஜ் சால்டரிங் ஈயம்.
ஃபேன் பெல்ட் அகலம்: 0.5 மி.மீ.
போல்ட் தலை: 13 மி.மீ. ஸ்பேனர் போடும் போல்ட் 0.54 மி.மீ., 10 மி.மீ. ஸ்பேனர் போடும் போல்ட் 0.42 மி.மீ.

1:18 டைகாஸ்ட் (உலோகத்தில் வார்த்த) காரில் வேலை செய்பவர்கள் 18 ஆல் பெருக்க வேண்டும். அங்கே பிளக் ஒயருக்கு 26 கேஜ் சரியாக வரும்.

காயில் கடையில் கேட்கும்போது எனாமல் பூசிய கம்பி என்று சொல்லிக் கேளுங்கள். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றுவது பிளாஸ்டிக் சுற்றிய கம்பி; அது பிளக் ஒயருக்கு ஆகாது. அதிலேயே வெளித் தடிமன் 1 மி.மீ. அளவில் ஒரு துண்டு கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஹீட்டர் ஹோஸுக்கு அப்படியே பொருந்தும். காயில் கம்பி எடைக்கு விற்பது. 30 கேஜ் கம்பி 10 மீட்டர் ஏழு கிராம்தான் நிற்கும். ஒரு வி8 இன்ஜினுக்குப் பிளக் ஒயர் எல்லாம் சேர்த்து நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆக, கடைக்காரர் கழித்துப் போட்ட துண்டுகளே பல இன்ஜினுக்கு வரும்.

கருவிகள்

விரலால் சுழற்றும் சின்ன டிரில் பிடியை மாடல்காரர்கள் பின் வைஸ் என்பார்கள். நகைப் பட்டறைச் சாமான் கடையில் கிடைக்கும். பிட் 0.4, 0.5, 1.2 மி.மீ. வேண்டும். 0.4 இல் குறைந்தது மூன்று வாங்குங்கள், இரண்டு ஒடியும். ஓசூரில் சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பொருள் கொடுக்கும் டூல்ஸ் கடைகளில் கார்பைடு பிட்டும் உண்டு. அது மெஷினுக்கானது. கையால் சுழற்றும்போது துளி சாய்ந்தாலும் கண்ணாடி போல உடையும். கைவேலைக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் நல்லது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கூர்முனை ட்வீசர், புது பிளேடு, 1000 நம்பர் வாட்டர் பேப்பர், தையல் ஊசி, பல்குச்சி, ஃபெவிக்விக், ஃபெவிகால். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் கழுத்து வலி குறையும். டிஜிட்டல் வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கம்பியை ஒரு பென்சிலில் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து பத்தால் வகுங்கள். 30 கேஜ் என்றால் மூன்று மி.மீ.க்குச் சற்று மேல் வரும்.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

கம்பியை வெட்டும் முன் இன்ஜினைப் படிக்க வேண்டும். காரில் அலங்காரத்துக்காக ஓடும் ஒயர் ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும். இக்னிஷன் காயிலின் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது) நடுவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் (அதை முறை வைத்துப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது) நடுவுக்கு ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டரின் சுற்றுப் புள்ளிகளிலிருந்து பிளக்குகளுக்கு எட்டு, அல்லது நான்கு. பெட்ரோல் பம்ப்பிலிருந்து ஃபில்டர் வழியாகக் கார்புரேட்டருக்குக் குழாய். தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து ரேடியேட்டரின் மேல் வாய்க்கு ஒரு ஹோஸ், கீழ் வாயிலிருந்து வாட்டர் பம்ப்புக்கு இன்னொன்று. பேட்டரியின் நேர்முனை ஸ்டார்ட்டர் பக்கம், எதிர்முனை பிளாக்கில் எர்த். ஒரு தாளில் இன்ஜினை மேலிருந்து பார்ப்பதாக வரைந்து, இத்தனையையும் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டினால் தடிமனிலும் நிறத்திலும் வரும் சிறு பிழைகளைக் கண் மன்னித்துவிடும். அந்தரத்தில் முடியும் ஒயரைக் கண் மன்னிக்காது.

பெட்டியில் இருக்கும் காருக்கு எந்த இன்ஜின் என்பதைப் பொறுத்து ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, மாறும். கிட்டுகளில் அடிக்கடி வரும் செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இல் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்பக்கம் நிற்கும், மேலிருந்து பார்த்தால் அதனுள் சுழலும் ரோட்டார் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இடப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டு 289, 302 இன்ஜின்களில் எல்லாம் மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், சுற்றுவது எதிர்த்திசை, வரிசை 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கம் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜின், பிரீமியர் பத்மினி போன்ற நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் 1-3-4-2.

செவர்லேயில் இன்னொரு நுணுக்கம். 5, 7 இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். வரிசையிலும் அடுத்தடுத்து வெடிப்பவை. அந்த இரண்டு ஒயரும் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் தூண்டப்பட்டு நேரம் தவறிப் பொறி விழும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் தள்ளியே ஓட்டுவார்கள். மாடலில் நீங்களும் தள்ளி ஓட்டினால், தெரிந்தவர் பார்த்துச் சிரிப்பார், நல்ல விதமாக.

இணையப் படங்களைவிட நிஜ இன்ஜினைப் பார்ப்பது மேல். கிருஷ்ணகிரி பைபாஸ் முதல் தொப்பூர் கணவாய் வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரம் வண்டிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: லாரியில் பார்ப்பது டீசல் இன்ஜின். அதில் பிளக் ஒயரோ டிஸ்ட்ரிபியூட்டரோ இருக்காது. ஹோஸ் எப்படித் தொங்குகிறது, கிளிப் எங்கே நிற்கிறது, ஆயில் எந்த வழியாகக் கசிந்து இறங்குகிறது, தூசி எங்கே படிகிறது என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள். பிளக் ஒயருக்குப் பழைய பெட்ரோல் கார் வேண்டும். இப்போதைய பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்காருகிறது, பிளக் ஒயரே கிடையாது. அப்படிப்பட்ட காரின் கிட்டில் பிளக் ஒயர் போடுவது தப்பு.

ஒட்டும் முன் சுத்தம்

பிளாக்கின் இரண்டு பாதிகளை ஒட்டினால் நடுவில் ஒரு கோடு நிற்கும். நிஜ இன்ஜின் ஒரே வார்ப்பு, அதில் கோடு கிடையாது. பசை நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், மேனிஃபோல்டு குழாய்களின் விளிம்பில் ஓடும் அச்சுக் கோடுகளும் போக வேண்டும்.

குரோம் பூசிய துண்டுகளை என்ன செய்வது? பளபளக்கும் ஏர் ஃபில்டர், டேப்பட் கவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றின் குரோமை நீக்கிவிடுங்கள். பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போட்டால் சில நிமிடங்களில் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் குரோம் கரைந்துவிடும். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் படலம் தங்கினால் வாட்டர் பேப்பரில் தேய்த்தெடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் எதையும் அதே டப்பாவில் ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

இந்தக் கட்டத்திலேயே இன்ஜினைச் சேசிஸில் பசையின்றி உட்கார வைத்து, பாடியை மாட்டி, பானெட்டை மூடிப் பாருங்கள். சப்பாத்தி மாவைக் கோலிக்குண்டு அளவு உருட்டி, பிளாஸ்டிக் காகிதத்தில் பொதிந்து ஏர் ஃபில்டரின் தலையில் வைத்து மூடினால் மாவு எவ்வளவு நசுங்குகிறது என்று தெரியும். மிஞ்சும் உயரம்தான் உங்கள் ஒயர்களுக்கான இடம். ஒரு மி.மீ. கூட இல்லை என்றால் ஒயரை மேலே வளைக்கும் ஆசையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓட்டத் திட்டமிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இது தெரியவந்தால் பிரித்துச் சரிசெய்ய வழி இருக்காது.

டிஸ்ட்ரிபியூட்டரில் துளை

கிட்டில் வரும் டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் ஒரு மொட்டைக் குமிழ். தலையை வெட்டிவிட்டு, துண்டுகள் மாட்டியிருக்கும் சட்டக் குச்சியில் 3.5 மி.மீ. தடிமனுள்ள இடத்தை வட்டமாக நறுக்கி வைத்தால் துளை போட வசதியான மூடி கிடைக்கும். நான்கு சிலிண்டருக்கு 3 மி.மீ. போதும்.

நடுவில் ஊசியால் ஒரு புள்ளி. அதன் வழியே பிளேடால் மெல்லக் கூட்டல் குறி போட்டால் நான்கு திசை கிடைக்கும். இடையில் இன்னொரு கூட்டல் குறி போட்டால் எட்டு. விளிம்பிலிருந்து அரை மி.மீ. உள்ளே தள்ளி எட்டுப் புள்ளி குத்துங்கள். எட்டும் 2.5 மி.மீ. வட்டத்தில் உட்காரும், ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 0.4 பிட்டில் துளையிட்டால் நடுவே அரை மி.மீ. சுவர் நிற்கும், போதும். ஊசிக் குழி இல்லாமல் பிட்டை வைத்தால் அது வழுக்கிப் பக்கத்துப் புள்ளிக்குப் போய்விடும். ஆழம் ஒரு மி.மீ. போதும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் துடையுங்கள். பிட் ஒடிவது பெரும்பாலும் அழுத்தத்தால் அல்ல; தூள் பள்ளத்தில் அடைத்து இறுகிய பிறகு திருப்புவதால்தான். துளைக்கும்போது மூடியைச் சட்டத்திலிருந்து நறுக்க வேண்டாம். குச்சியோடு இருந்தால் பிடித்துக்கொள்ள வசதி, துளை முடிந்ததும் நறுக்கிக்கொள்ளலாம்.

ஒன்பது துளை போடப் பொறுமை இல்லை என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. மூடியின் நடுவில் 1.2 மி.மீ. துளை ஒன்றே ஒன்று. 0.3 மி.மீ. கம்பி ஒன்பதைச் சேர்த்துப் பிடித்தால் கற்றை 1.1 மி.மீ. தான் வரும், மொத்தமாக உள்ளே செருகி ஒட்டிவிட்டு, மேலே பூ விரிவது போல ஒயர்களை விரித்துவிடலாம். முதல் மாடலுக்கு இது தாராளமாகப் போதும். பானெட்டைத் திறந்து பார்ப்பவரில் பத்தில் ஒருவர் கண்டுபிடிப்பார். அந்த ஒருவர் மாடல் செய்பவராக இருப்பார்.

பெயின்ட்

ஒயர் போடும் முன் பெயின்ட் வேலை முழுதும் முடிந்திருக்க வேண்டும். பிளாக், சிலிண்டர் ஹெட் ஒரு நிறம்: செவர்லேக்கு ஆரஞ்சு, 1966க்குப் பிந்தைய ஃபோர்டுக்கு நீலம். இவற்றைப் பளபளப்பாக விட்டால் பொம்மை போல இருக்கும். அரைப் பளபளப்பு சரி. மற்ற உலோகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளி டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடல் வெளிர் வெள்ளி. கியர் பாக்ஸ் அதில் ஒரு துளி கருப்பு கலந்தது. ஸ்டார்ட்டர் மங்கிய கருப்பு. பழைய கார்புரேட்டர்களில் மங்கலான பித்தளைச் சாயல் இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பூச்சில்லாத வெறும் வார்ப்பிரும்பு, சூட்டில் பெயின்ட் நிற்காது. மங்கிய அடர்சாம்பல் அடித்துக் காயவிட்டு, செங்கல் நிறப் பேஸ்டல் சாக்கைச் சுரண்டிய தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வையுங்கள். வெறும் இரும்புத் தோற்றத்துக்கு மங்கிய கருப்பு அடித்து, 6பி பென்சில் கரியை விரலால் தேய்த்தால் எந்த வெள்ளிப் பெயின்டும் தராத ஒரு மினுக்கம் வரும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை மாடல் பக்கம் கொண்டுவராதீர்கள், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே டப்பாவாக இருந்தால் நேரம் பார்த்து அடியுங்கள். சித்திரை வெயிலில் தர்மபுரியில் நண்பகலில் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து துகளாக விழும், மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் அடித்தால் ஈரம் சேர்ந்து வெளுப்புத் தட்டும்.

பெயின்ட் ஒரு நாள் காய்ந்த பிறகு அழுக்குக் கழுவல். ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலரில் கருப்பும் பழுப்பும் கலந்து, பத்துப் பங்கு டர்பன்டைனில் கரைத்து, பிரஷ் நுனியால் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். தானே ஓடிப் பரவும். முழு இன்ஜினையும் குளிப்பாட்ட வேண்டாம். அடியில் அக்ரிலிக் பெயின்ட் இருந்தால் பயமில்லை. எனாமல் பெயின்ட் மேல் டர்பன்டைன் விட்டால் அடிப் பெயின்ட் கலங்கிக் கிளம்பும்; அங்கே தண்ணீரில் கரைத்த அக்ரிலிக்கும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் போதும்.

பிளக் ஒயர்

சுருளிலிருந்து வரும் கம்பி நெளிந்திருக்கும். ஒரு முனையைக் கொறட்டில் பிடித்து, மறுமுனையைச் சட்டென்று ஒரு முறை இழுத்தால் லேசாக நீண்டு நேராகிவிடும். 1000 நம்பர் வாட்டர் பேப்பரை மடித்து, நடுவில் கம்பியை வைத்து ஒரு முறை இழுங்கள். எனாமலின் வழுவழுப்பு போனால்தான் பெயின்ட் பிடிக்கும். வளைக்கும்போது பெயின்ட் உரிவது இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான். பெயின்டை மிக மெல்லியதாக ஒரு கோட் மட்டும் அடியுங்கள். இரண்டு கோட் தடித்தால் 0.3 கம்பி 0.4 ஆகித் துளைக்குள் போகாது. நிறம்? ஷோரூம் நிலையில் உள்ள பழைய காருக்குக் கருப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் ஹாட்ராடுக்கு, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய காருக்கு. தையல் நூலைப் பயன்படுத்தச் சொல்பவர்களும் உண்டு. நூலுக்குப் பிசிர் உண்டு, 24 மடங்கு பெருக்கினால் அது கயிறு. வேண்டாம்.

பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் மூடி 0.6 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. நீளம் வர வேண்டும். மெல்லிய எலக்ட்ரானிக்ஸ் ஒயரின் பிளாஸ்டிக் உறையை உரித்து நறுக்கிக் கம்பியில் கோக்கலாம். அது கிடைக்காவிட்டால் கம்பியின் நுனியை ஃபெவிகாலில் முக்கி எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, இன்னொரு முறை முக்குங்கள். காய்ந்ததும் கருப்பு.

சிலிண்டர் ஹெட்டில் பிளக் இருக்க வேண்டிய இடங்களில் 0.4 துளை போட்டு வைத்திருக்க வேண்டும். பின்பக்க ஒயர்களிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். முன்னதை முதலில் போட்டால் பின்னதுக்கு ட்வீசர் நுழையாது. ஒவ்வொன்றையும் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் துளையில் ஒட்டிவிட்டு, பசை பிடித்த பிறகு வழியைப் பார்த்து வளைத்து, நீளத்தை வெட்டி, மறுமுனையைச் செருகுங்கள். முன்கூட்டியே நீளம் கணக்குப் போட்டு வெட்டிய ஒயர் ஒன்றாவது குட்டையாகப் போகும்.

ஃபெவிக்விக்கைத் துளைக்குள் ஊற்றாதீர்கள். ஒரு சொட்டை அலுமினியத் தாளில் விட்டு, கம்பி நுனியை அதில் தொட்டெடுத்துச் செருகுங்கள். பசை அதிகமானால் சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும். ஆவியாகும் பசை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகி வந்து படிவது அது. மழை நாளில், மூடிய டப்பாவுக்குள் வைத்தால் இன்னும் மோசம். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு வேலை செய்யுங்கள். பூத்துவிட்டால் மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு) ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் மறையும்.

ஒயர் விறைப்பாக நிற்கக் கூடாது. நிஜ ஒயர் கனத்தில் தொய்யும், டேப்பட் கவர் மேல் சாயும், அங்கங்கே கிளிப்பில் சேர்ந்து ஓடும். பல்குச்சி மேல் வைத்து வளைத்தால் ஒரே மாதிரி மென்மையான வளைவு வரும். ட்வீசரால் வளைத்தால் முட்டி மடங்கியது போலக் கோணம் விழும்.

ஹோஸ், பெல்ட், பேட்டரி

ரேடியேட்டர் ஹோஸுக்கு ஈயத்தை விடச் சிறந்தது இல்லை. வளைத்தால் அப்படியே நிற்கும், திரும்பி நிமிராது. இரண்டு முனையிலும் 0.5 துளை போட்டுச் சின்னக் கம்பி ஆணி வைத்து ஒட்டுங்கள். வெறும் பசை ஈயத்தின் கனத்தைத் தாங்காது. பெயின்ட் கருப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தது, முற்றிலும் மங்கலாக. ஹோஸ் கிளிப்புக்கு ஏ.சி. குழாயில் சுற்றும் அலுமினிய டேப்பை 0.4 மி.மீ. கீற்றாக நறுக்கி, ஹோஸ் முனையிலிருந்து அரை மி.மீ. தள்ளிச் சுற்றுங்கள், சேரும் இடத்தில் ஒரு துளி ஃபெவிகால், அதுதான் ஸ்க்ரூ. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கிட்டின் ஃபேன் பெல்ட் புல்லியோடு சேர்த்து வார்த்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். தனியாகச் செய்வதானால் பழைய ஆடியோ கேசட் டேப்பை அரை மி.மீ. கீற்றாக வெட்டிப் போடுங்கள். புல்லிகளுக்கு நடுவே நேர்கோடாக இழுத்து நிற்க வேண்டும்.

பேட்டரியின் மேல் மூடியில் இரண்டு துளை. நேர்முனை சிவப்பு, எதிர்முனை கருப்பு. முனையில் சுற்றும் கவ்விக்கு அதே அலுமினியக் கீற்று. பெட்ரோல் ஃபில்டருக்குக் கிட்டின் கண்ணாடித் துண்டுகள் மாட்டிய சட்டக் குச்சியிலிருந்து 1.2 மி.மீ. தடிமனில் 2.5 மி.மீ. நீளம் வெட்டி, இரு முனையிலும் 0.4 துளை போட்டுக் குழாயின் நடுவில் கோத்துவிடலாம்.

போல்ட் தலைகள்

ஊசி முனையில் ஃபெவிகால் தொட்டுப் புள்ளி வைப்பது சுலபமான வழி. 0.4 மி.மீ. உருண்டைத் தலை வரும், டேப்பட் கவரின் ஓரங்களுக்குச் சரி. அறுகோணத் தலை வேண்டுமானால் அறுகோணப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில், சுடரில் படாமல் மேலே பிடித்து, நடுவில் இளகிப் பளபளத்ததும் வெளியே எடுத்து நிதானமாக இழுங்கள். நூலாக நீண்டாலும் ஆறு பக்கமும் மாறாது. 0.5 மி.மீ. வரும் இடத்தைத் தேர்ந்து பிளேடால் பொடித் தகடுகளாக நறுக்க வேண்டும். நறுக்கும்போது தெறிக்கும், அதனால் செலோ டேப்பின் பசைப் பக்கத்தில் வைத்து நறுக்குங்கள். போல்ட்டுகள் பெயின்டுக்கு முன்பே ஒட்டப்பட வேண்டியவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அழுக்கு

ஆயில் கசிவது டேப்பட் கவர் கேஸ்கெட்டிலிருந்து கீழ்நோக்கி. மேலே ஏறிய கறை எந்த இன்ஜினிலும் இல்லை. பழுப்பு ஆயில் கலரில் ஒரு கீற்று விட்டு, காயும் முன் அதன் மேல் பேஸ்டல் தூள் தூவினால் ஆயிலில் தூசி ஒட்டிய அழுக்கு அப்படியே வரும். வீட்டு வாசல் செம்மண்ணைச் சலித்துப் போடலாம் என்று தோன்றும். 0.1 மி.மீ. மண் துகள் 24 மடங்கில் 2.4 மி.மீ. கூழாங்கல். பேஸ்டல் தூளே போதும், நிறத்தை மட்டும் உங்கள் ஊர் மண்ணைப் பார்த்துப் பொருத்துங்கள்.

சேசிஸில் இறக்குதல்

பிளக் ஒயர், காயில் ஒயர், ஃபேன், பெட்ரோல் குழாயின் கார்புரேட்டர் முனை இவை வெளியிலேயே முடிந்திருக்கலாம். இக்னிஷன் காயில் பாடியின் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருக்கும் காரானால் அதன் ஒயரை மட்டும் ஒரு முனை விட்டு வையுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பேட்டரி கேபிள் மூன்றும் இன்ஜின் உட்கார்ந்த பிறகுதான். முதலில் கீழ் ஹோஸ், பின்பு ஹீட்டர் ஹோஸ், அடுத்து மேல் ஹோஸ். ஒவ்வொன்றுக்கும் பிறகு பானெட்டை ஒரு முறை மூடிப் பாருங்கள். பேட்டரியில் நேர்முனையை முதலில் மாட்டுங்கள். எதிர்முனை ஒயர் குறுக்கே ஓடிப் பிளாக்குக்குப் போவதால் அதை முன்பே ஒட்டினால் ட்வீசருக்கு வழி அடைபடும். பட்டறையில் மெக்கானிக்கும் எதிர்முனையைத்தான் கடைசியில் மாட்டுவார், அவருக்குக் காரணம் வேறு.